கட்டில் பலகையும் நாலு தந்தியும்

கடைக்குள் நுழைந்து, ஒரு பொருளின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்து, பொருளைத் தட்டிப் பார்த்து, குனிந்து அதன் அடிப்பக்கத்தையும் ஆராய்ந்துவிட்டு, கடைக்காரர் காதிலும் விழும்படியாக, "இதுல என்ன இருக்கு? நாலு பலகை, எட்டு ஸ்க்ரூ. நாமே செஞ்சுடலாம்" என்று அறிவித்து வெறுங்கையோடு வெளியே வருகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் இல்லாத தெரு கிடையாது. அப்படியிருந்தும் கடைகள் எப்படி நடக்கின்றன என்பது தனி ஆச்சரியம். இந்த வகையினருக்கு 'நாமே இனம்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

கவனியுங்கள், இவர்கள் 'நானே' என்று சொல்வதில்லை. 'நாமே' என்பார்கள். 'நாம்' என்றால் கேட்பவரையும் சேர்த்துத்தான் என்கிறது இலக்கணம். பலகையின் மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டுமல்லவா? அந்த இலக்கணத்தை நான் இரண்டு உள்ளங்கைகளிலும் சிராய்ப்போடு கற்றவன்.

இன்னோர் அடையாளமும் உண்டு. இவர்களிடம் பிழை என்பதே கிடையாது, வசதிதான் உண்டு. செய்த நாற்காலி ஆடினால், ஆடுவது முதுகுக்கு நல்லது. செய்த செருப்பு அலமாரியில் செருப்பைச் செங்குத்தாக நிறுத்தினால்தான் நுழையும் என்றால், அப்போதுதான் மண் தானாகக் கொட்டும். வாசலில் அழுத்தினால் அடிக்க வேண்டிய அழைப்புமணி குளியலறை விளக்கைப் போட்டாலும் அடித்தால், யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியும். இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருக்கின்றன. அது என் அக்கா வீடு. செய்தவர் அவள் கணவர், என் அத்தான்.

அத்தானுக்கு, கட்டட வரைபடங்களுக்கு அனுமதி முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பிறர் வீட்டு மாடிப்படிகளும் பால்கனிகளும் காகிதமாக அவர் மேஜைக்கு வந்து, முத்திரை வாங்கிக்கொண்டு, கல்லும் மண்ணுமாக எங்கேயோ எழும்பி நிற்கப் போய்விடுகின்றன. அவர் கையில் மிஞ்சுவது மை. அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையில் ரம்பத்தை எடுப்பதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அக்கா சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

இந்த நிலையில்தான் அவர்கள் மகளுக்கு ஒரு பேஸ் கிட்டார் தேவைப்பட்டது.

பேஸ் கிட்டார் என்றால் நாலே நாலு தடித்த தந்திகள் கொண்ட மின்சாரக் கிட்டார். பாட்டின் அடித்தளம் அதுதான். இருக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். இல்லாவிட்டால் பாட்டு மொட்டைமாடியில் கால் ஊன்றாத பந்தல் மாதிரி இருக்கும். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அங்கே மாணவர்களின் இசைக்குழுவில் பேஸ் வாசித்த சீனியர் ஒருவர் தன் கிட்டாரிலேயே அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். படிப்பு முடிந்ததும் அவர் போனார். கிட்டாரும் அவரோடு போயிற்று. குழுவுக்குத் தலைவி, டிரம்ஸ் வாசிக்கிற ஒரு பெண். அவள் கண்டிப்பானவள்.

"ரெண்டு மாசத்துல ஆண்டு விழா. அதுக்கு ரெண்டு வாரம் முந்தி ஒத்திகை. அன்னிக்கு உன் கையில கிட்டார் இருந்தா நீ. இல்லன்னா முதல் வருஷத்துல ஒருத்தன் சொந்தமா வெச்சிருக்கான், அவன்" என்று சொல்லிவிட்டாள்.

இசைக் கருவிக் கடையில் ஒரு பழைய கிட்டாரை மகள் பார்த்து வைத்திருந்தாள். சிவப்பு நிறம். ஓரத்தில் கொஞ்சம் வண்ணம் உதிர்ந்திருந்தது. அதனாலேயே விலையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினாள். நானும் கூடப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

அத்தான் விலைச் சீட்டைத் திருப்பினார். தட்டினார். குனிந்தார்.

"ஒரு பலகை. ஒரு கம்பு. நாலு தந்தி" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"இதுக்குக் கொடுக்கற பணத்துல கால்வாசி போதும். நாமே செஞ்சுடலாம். உனக்குன்னு அளவெடுத்த மாதிரி இருக்கும்."

"இது நல்லாத்தான் இருக்குப்பா."

"ஓரம் பேந்திருக்கு பாரு."

ஓரம் பெயர்ந்ததை எண்ணி வருந்துகிற முகத்தோடு வெளியே வந்தார். ஆனால் நடை துள்ளியது. அன்று மாலையே என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மச்சான், நாளைக்கு உனக்கு வேலை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இருபது வருஷமாக எனக்குப் பதில் சொல்லத் தெரிந்ததில்லை.

முதல் தேவை, உடலுக்கு மரம். மரக்கடையில் விலை கேட்டார். கேட்ட வேகத்திலேயே திரும்பினார். அதன்பின் வீட்டில் மரத்தால் ஆன ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டு அலைந்தார். சாப்பாட்டு மேஜையைத் தட்டிக் கேட்டார். கதவைத் தட்டிக் கேட்டார். அவரைத் தட்டிக் கேட்கத்தான் ஆளில்லை. கடைசியில் படுக்கையறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"மச்சான், இங்க வா. கேளு. என்ன நாதம்."

கட்டிலின் தலைமாட்டுப் பலகை. கல்யாணமான புதிதில் அக்காவும் அவருமாகத் தேர்ந்தெடுத்த கட்டில். அக்கா வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தைத்ததைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது பலகை கட்டிலை விட்டுப் பிரிந்து, பால்கனியில் பாதிக் கிட்டாராக இருந்தது.

அக்கா சத்தம் போடவில்லை. தலையணையை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தலகாணி பின்னால விழுமே" என்றாள்.

"தலகாணி இல்லாம தூங்கறதுதான் கழுத்துக்கு நல்லது" என்றார் அத்தான்.

அன்றிலிருந்து என் அக்காவின் தலையணை தினமும் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே விழுந்துகொண்டிருக்கிறது. அத்தானுடையதும்தான். அவர் அதை எடுப்பதில்லை. கொள்கை.

அடுத்தது கழுத்து. கிட்டாரில் இடது கை பிடிக்கிற நீளமான கம்புக்குக் கழுத்து என்று பெயர். அதற்கு நேரான, வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். தெருக்கோடித் தச்சரிடம் போனோம். அத்தான் வரைந்து வைத்திருந்த படத்தைத் தச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார் இது, கரண்டிக் காம்பா?"

"கழுத்து."

"கழுத்து மட்டுமா? உடம்பு?"

"உடம்பு வீட்ல இருக்கு. கட்டில்ல எடுத்தது."

தச்சர் உளியைக் கீழே வைத்தார். "அடடா. யாருக்கு சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

விஷயத்தை விளக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் தச்சர், அலமாரிக் கால் ஒன்றுக்காகப் பல வருஷம் காயவைத்திருந்த கட்டையை எடுத்து, நேர்த்தியாக இழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர். கொடுக்கும்போது ஒன்று கேட்டார்.

"குறுக்கால கம்பி பதிக்கணுமே, அதுக்குக் கோடு போட்டுத் தரட்டுமா? எங்கிட்ட இரும்பு ஸ்கேல் இருக்கு."

"வேண்டாம். அத நாமே பண்ணிக்கலாம்" என்றார் அத்தான்.

அந்தக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். தந்தியை எந்தக் கம்பிக்கு மேல் அழுத்துகிறோமோ அதற்கேற்ற சுரம் பிறக்கும். அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் தலைமுடி பிசகாத இடம் உண்டு. அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் மண்டியிட்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, அளந்து, கோடு கிழித்து, ரம்பத்தால் கீறி, இருபது கம்பிகளையும் சுத்தியலால் தட்டிப் பதித்தார். ஒரு கம்பியைப் பதித்ததும் அதிலிருந்து அளந்து அடுத்தது, அதிலிருந்து அளந்து அடுத்தது. நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் மரத்துப்போனதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பதித்து முடித்தபின் வெயிலில் கம்பிகள் வரிசையாக மின்னின. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பிறகு பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி அது. காந்தத் துண்டுகளைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஏழாயிரம் சுற்று சுற்ற வேண்டும். கடையில் தயாராகக் கிடைக்கும். நாங்கள் ஏன் அந்தப் பக்கம் போகப் போகிறோம்? அக்காவின் தையல் மெஷினில் நூல் சுற்றுகிற சக்கரம் இருக்கிறதே, அதில் காந்தத்தை மாட்டி, அத்தான் பெடலை மிதித்தார். சுற்றுகளை எண்ணுவது என் பொறுப்பு. அக்கா பக்கத்தில் வெட்டிய திரைத்துணிகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் மெஷின் எப்போது தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்தாள்.

மூவாயிரத்து இருநூற்றுப் பதினேழில் இருந்தபோது அக்கா, "காபி குடிக்கிறியாடா?" என்று கேட்டாள்.

"குடிக்கிறேன்" என்றேன்.

பெடல் நின்றது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எங்கே விட்டேன் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"சுமாரா எவ்வளவு?"

"மூவாயிரத்துக்கு மேல. நாலாயிரத்துக்குள்ள."

"அப்ப நாலாயிரம்னே வெச்சுக்கலாம்" என்றார்.

இந்த இனத்தவர் இயற்கையின் விதிகளோடு இப்படித்தான் பேரம் பேசுவார்கள். இயற்கை அப்போதைக்கு ஒன்றும் சொல்லாது.

இப்படியே ஐந்து வாரம் ஓடிற்று. ஒத்திகைக்கு இன்னும் சில நாள்தான். உடலில் வண்ணம் காயவில்லை. தந்திகளை இழுத்துக் கட்டும் முறுக்காணிகள் வந்து சேரவில்லை. ஒரு மத்தியானம் மகள் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வரவேற்பறை நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அந்தச் சிவப்பு கிட்டார் இல்ல."

"எங்க போச்சு?"

"வித்துட்டாங்க. சும்மா ஒரு தடவ பாக்கலாம்னு போனேன். அத மாட்டியிருந்த ஆணி மட்டும் இருக்கு."

அவளுக்குத் தெரியாமல் நானே அதை வாங்கி வைத்துவிடலாம் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தான் மனசு நோகுமே என்று ஒரு நாள், மழை என்று ஒரு நாள், சம்பளம் வரட்டும் என்று ஒரு நாள்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். "அவர் ரொம்ப ஆசையாப் பண்றார்."

குழுத் தலைவியிடம் கெஞ்சி ஒத்திகையை மட்டும் பத்து நாள் தள்ளிப்போட வைத்திருந்தாள். விழாவுக்கு நாலு நாள் முன்னால். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது.

கிட்டார் பூர்த்தியான நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பச்சை வண்ணம், பால்கனிக் கிராதிக்கு அடித்தது போக மிச்சம் இருந்த டப்பா. அத்தான் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். வாங்கியதும் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கட்டில் பலகை அல்லவா, ஒரு மனிதரைத் தாங்கத்தான் பழக்கம்; மனிதர் தன்னைத் தாங்குவது அதற்குப் புதிது.

பழைய டேப் ரிக்கார்டரின் ஒலிபெருக்கியோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டார் அத்தான். நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிட்டாரிலிருந்து ஓர் அம்மாள் தெளிவான குரலில், கடலோரப் பகுதிகளில் லேசான மழைக்கு வாய்ப்பிருப்பதாகச் சொன்னாள்.

"ரேடியோவும் எடுக்குது" என்றார் அத்தான், கொஞ்சமும் தயங்காமல்.

சமையலறையில் பலகாரம் பொதியும் வெள்ளிநிறத் தாளைக் கொண்டுவந்து, கிட்டாரின் வயிற்றுக்குள் ஒயர்கள் இருக்கும் குழியில் ஒட்டினார். அம்மாள் வாக்கியத்தின் நடுவிலேயே போய்விட்டாள். உண்மையில் அது சரியான வைத்தியம். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே?

மகள் தந்திகளுக்குச் சுருதி கூட்டினாள். தடித்த தந்தியை வெறுமனே மீட்டினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் விலா எலும்புக்குள் ஏதோ நகர்ந்து உட்கார்ந்தது. அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நாதம் என்று அத்தான் சொன்னது வீண்பேச்சில்லை.

பிறகு அவள் ஃப்ரெட்களின் மேல் விரல் வைத்து ஏறத் தொடங்கினாள்.

முதல் மூன்று சரியாக இருந்தன. நாலாவதில் அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. ஏழாவதில் வாசிப்பதை நிறுத்தி, தந்தியைச் சரிசெய்து, மறுபடி கீழேயிருந்து வந்தாள். ஏழாவதில் மறுபடி நின்றாள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், வெறுந்தந்தியின் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேச வேண்டும். அங்கே கிட்டார் வேறு யாரோ ஒருவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே பல் கூசியது.

"தந்தி புதுசு. இழுபட்டாச் சரியாயிடும்" என்றார் அத்தான்.

மகள் ஏழாவதை இன்னொரு தடவை மீட்டினாள்.

"ரூம் சூடா இருக்கு. மரம் கொஞ்சம்..."

"எந்த டேப்பால அளந்தீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"உன்னோடதுதான். அந்த மஞ்சள்."

"ஜன்னல் கதவு அடிச்சுக்காம கட்டி வெச்சிருந்தேனே, அதா?"

"ஆமா."

"அது இழுபட்டு நைஞ்சு போச்சுங்க. நான் திரைச்சீலைக்குக்கூட அத எடுக்கறதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

நைந்த டேப்பின் பொய்யையும், கம்பிக்குக் கம்பி தாவி அளந்ததில் சேர்ந்துகொண்டே போன பிசகையும் கூட்டிப் பார்க்க அத்தானுக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. முகம் போன போக்கிலேயே தெரிந்தது. நான் அடுத்த வசதிக்காகக் காத்திருந்தேன். இப்படி இருப்பதால் இன்ன நன்மை என்று ஏதாவது வரும். வரவில்லை. அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த பச்சை வண்ணத்தை நகத்தால் சுரண்டினார்.

"அந்தக் கடைக்கு நாளைக்குக் காலையில போலாம்மா" என்றார் மகளிடம். "அந்தச் சிவப்பு கிட்டாரே வாங்கிடலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை என்னால் கூரையைப் பார்க்க முடியவில்லை.

"அது அங்க இல்லப்பா" என்றாள்.

"எப்போலேந்து?"

"ஒரு வாரமாச்சு."

ஒரு வாரமாக அது தெரிந்திருந்தும் தினமும் பால்கனிக்கு வந்து, "எவ்வளவு ஆச்சுப்பா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டவள் அவள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் ஒலிபெருக்கியை அணைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மகள் மட்டும் கிட்டாரை மடியில் வைத்து, விரலைக் கம்பியின் மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, அதிகம் சத்தமில்லாமல் தந்தியை மீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா" என்றாள். "இந்தக் கம்பியெல்லாம் பிடுங்கிடலாமா?"

"பிடுங்கினா எப்படி வாசிப்ப?"

"காதாலதான். கம்பி இல்லாத பேஸும் உண்டு. விரல சரியான எடத்துல வெச்சாச் சரியான சுரம். கஷ்டம், ஆனா முடியும். மரம் நல்லா இருக்குப்பா. கம்பிதான் தப்பான எடத்துக்குக் கூப்பிடுது."

அத்தான் எழுந்தார். கருவிப் பெட்டியிலிருந்து குறடை எடுத்துவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு பதித்த இருபது கம்பிகளில் முதலாவதை அவரே பிடுங்கினார். இந்த மனிதர் தான் அடித்த ஆணியைத் தானே பிடுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது கம்பிக்குப்பின் குறடை மகளிடம் கொடுத்தார். மீதியை அவள் பிடுங்க, அவர் மரத்தூளையும் பசையையும் குழைத்துக் கீறல்களை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். என் வேலை மாறவில்லை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அத்தான் சொன்னார்:

"யோசிச்சுப் பாத்தா, ஃப்ரெட் இல்லாம செய்யறதுதான் ஆரம்பத்துல என் மனசுல இருந்துது."

நான் வாயைத் திறந்தேன். அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"ஆமா" என்றாள் அக்கா. "சொல்லிட்டிருந்தீங்க."

அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் எழுந்த ஒலியை எப்படிச் சொல்வது? துறைமுகத்தை விட்டுப் போக மனமில்லாத கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "மோட்டார் ஓடற சத்தம் கேக்குது, தண்ணிதான் வரமாட்டேங்குது" என்றார். ஐந்தாம் நாள் மகளின் விரல் நுனிகளில் கொப்புளம். அக்கா துணி சுற்றிக் கட்டினாள். பத்து நிமிஷத்தில் அவள் அவிழ்த்தெறிந்துவிட்டு உட்கார்ந்தாள். எட்டாம் நாள் நான் படியேறி வரும்போது மேலேயிருந்து ஒரு சுரம் கேட்டது. கீழேயிருந்து வழுக்கி ஏறி, தன் இடம் எது என்று தெரிந்துகொண்டு, அங்கே நின்றது. நானும் படியிலேயே நின்றேன்.

ஒத்திகையில் குழுத் தலைவி கிட்டாரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாளாம்.

"ஃப்ரெட் எங்க?"

"அப்பா வெக்கல."

"வேணும்னேயா?"

"ஆமா" என்றாளாம் மகள், அவள் அம்மாவைப் போலவே. தலைவி டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். முதல் பாட்டு முடிந்ததும் பேஸைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "அடுத்தது" என்றாளாம். பேஸ் வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாதாம்.

விழா அன்று நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். மகள் மேடையில் இடது ஓரம். பச்சைக் கிட்டாரை அக்கா தைத்த அகலப் பட்டை தோளிலிருந்து தாங்கியது. முன்னால் ஒருவன் தலைமுடியை உதறிக்கொண்டு பாடினான்; சபை முழுக்க அவனையே பார்த்தது. அத்தான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நாற்காலிக் கைப்பிடிமேல் அழுத்தி வைத்திருந்தார். என்ன என்று சைகையில் கேட்டேன். என் கையைப் பிடித்துக் கைப்பிடிமேல் வைத்தார். மரத்தில் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டில் ஒரு சுரம் கொஞ்சம் தாழ்வாக விழுந்தது. அக்கா மூச்சை இழுத்தாள். அது மெல்ல ஏறிச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தபோது, பாடின பையனின் அப்பா எங்களிடம் வந்தார். கண்ணாடி போட்ட, நாசூக்கான மனிதர்.

"உங்க பொண்ணோட கிட்டார் ரொம்ப வித்தியாசமா இருந்துதே. எந்தக் கம்பெனி சார்?"

நான் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். தலைமாட்டுப் பலகையிலிருந்து தொடங்கினால் முக்கால் மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான் செஞ்சேன்" என்றார் அத்தான். "இருபது கம்பி பதிச்சேன். அத்தனையும் தப்பு. அவதான் பிடுங்கச் சொன்னா. அப்புறம் அவளே சரியாக்கிக்கிட்டா."

அவ்வளவுதான். நான் மேலும் கொஞ்சம் எதிர்பார்த்துக் காத்திருந்தேன், அவர் நிறுத்திவிட்டார். அந்த மனிதர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் மரியாதையானார்.

"எம் பையனுக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

அத்தான் அவரை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"இதுக்குப் போயி இன்னொருத்தர்கிட்ட கேப்பாங்களா சார்? என்ன இருக்கு இதுல? நீங்களே செஞ்சுடலாம்."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு அவர் தன் முன்னால் இருந்த மர நாற்காலியின் முதுகை விரல் முட்டியால் ஒருமுறை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். என் கண்ணாலேயே பார்த்தேன். இந்த இனம் இப்படித்தான் பரவுகிறது, தொட்டாலே போதும்.

இதையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டு, நல்லவேளை நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் நிம்மதியடையலாம். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எதைக் கழற்றியபோது மிஞ்சியது என்று உங்களுக்கே தெரியாத திருகாணிகள் ஒரு டப்பா நிறைய இருந்தால், எனக்குக் கொஞ்சம் சந்தேகம். டப்பா இல்லையென்றால் இன்னொரு கேள்வி. அத்தான் தரையில் மண்டியிட்டு அந்த மஞ்சள் டேப்பை நீட்டிய இடத்தில், "சே, எல்லாத்தையும் ஒரே முனையிலேந்து அளந்திருக்கணும். நானாயிருந்தா..." என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியதா, இல்லையா?

ஓடியிருந்தால் உங்கள் வீட்டாரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். கட்டிலைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.